நாலு பேர் காதுக்குள் சொன்னது

கேள்வி: அம்பாறை மாவட்டக் கரையோரக் கிராமம் ஒன்றில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். மாதர் சங்கச் செயலாளரும் நான்தான். கணவருக்குக் கடல் தொழில். எங்கள் ஊருக்கு வடக்கே ஒரு கொம்பனி காற்று அளக்கும் கோபுரம் நட்டிருக்கிறது. காற்றாலை வரப்போகிறதாம். ஊர்க்கூட்டத்துக்கு வந்த கொம்பனித் தம்பி படம் போட்டுக் காட்டினார். கோயில் மண்டபத்துக்குக் கூரை போட்டுத் தருவோம் என்றார். சங்கங்கள் எல்லாம் சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வைக்க வேண்டும் என்றார். கரைவலைச் சொந்தக்காரரான சம்மாட்டி ஒருவர் எழும்பி, "கையெழுத்து வைக்கிறவன் ஊரை வித்தவன்" என்றார். அதற்குப் பிறகு ஒருவரும் வாய் திறக்கவில்லை, நானும்தான். எனக்கு இந்தத் திட்டம் முழுக்கப் பிழையாகப் படவில்லை. 2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்ததை நான் மறக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் நாலு பெண்கள் தனித்தனியே என் காதுக்குள் இதையேதான் சொன்னார்கள். ஆனால் காணி குத்தகைக்குக் கொடுக்கப்போகிறவர்களில் என் அண்ணனும் ஒருவர். நான் பேசினால் காசுக்குப் பேசுகிறேன் என்பார்கள். லொறிகள் பக்கத்து முஸ்லிம் ஊருக்குள்ளால்தான் வரும், அவர்களைக் கூட்டத்துக்குக் கூப்பிடவே இல்லை. வந்த தம்பி போகும்போது, "எல்லாருக்கும் கரண்ட் வேணும், ஆனா தன்ட வளவுக்குப் பக்கத்தில வேணாம்" என்று சொல்லிச் சிரித்தார். அது என்னைச் சுட்டது. நாங்கள் சுயநலக்காரரா? நான் பேசாமல் இருந்தது பிழையா? இனி என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியில் இருந்து தொடங்குகிறேன், அதில்தான் அவசரம் தெரிகிறது. அளக்கிற கோபுரம் நட்டவுடன் காற்றாலை வந்துவிடாது. கச்சான் காற்றும் வாடைக் காற்றும் ஒரு சுற்று வந்து போக, குறைந்தது ஒரு வருசமாவது அளந்து பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் இடம் தேறுமா என்றே தெரியும். மன்னார், புத்தளம் கரைகள் தென்மேல் பருவக்காற்றை நேரே வாங்குகிறவை. நமது கரை அப்படியல்ல, இங்கே அளந்துதான் சொல்லலாம். ஆகவே உங்களுக்கு நேரம் இருக்கிறது. மாதர் சங்கத்தின் பேரில் இப்போது எந்தக் கடிதத்திலும் கையெழுத்து வைக்காதீர்கள், ஆதரித்தும் வேண்டாம், எதிர்த்தும் வேண்டாம். "எங்கள் அங்கத்தவர்களோடு கதைத்து முடிவு சொல்வோம்" என்று இரண்டு வரியில் எழுதிக் கொடுங்கள், போதும்.

இனி அந்தச் சிரிப்புக்கு வருவோம். கரண்ட் வேண்டும், காற்றாடி வேண்டாம் என்கிற ஆக்கள் என்ற குற்றச்சாட்டு உலகம் முழுக்க இருக்கிறது. காற்றாலையைப் பற்றி ஊர் மக்களிடம் போய் ஆராய்ந்தவர்கள் அதை எப்போதோ தள்ளிவைத்துவிட்டார்கள். நெதர்லாந்தின் மார்ட்டன் வொல்சிங்க் இதைப் பற்றிப் பல வருசம் எழுதியிருக்கிறார். வெறும் சுயநலத்தால் எதிர்க்கிறவர்கள் கொஞ்சப் பேர்தான் என்றும், தங்களைக் கேட்காமல் முடிவெடுத்தார்கள் என்ற கோபம்தான் பெரிது என்றும் அவர் காட்டினார். 2007இல் அவரும் இன்னும் இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை, ஒரு ஊர் காற்றாலையை ஏற்பதும் தள்ளுவதும் மூன்று விடயத்தில் தங்கியிருக்கிறது என்றது: நன்மையும் கஷ்டமும் நியாயமாகப் பங்கிடப்பட்டதா, முடிவெடுத்த விதம் நியாயமா, வந்தவரை நம்பலாமா. அமெரிக்காவில் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடம் காற்றாடிகளில் இருந்து 5 மைலுக்குள் இருக்கும் 1,705 பேரிடம் விசாரித்தது. வெறுப்போடு இருந்தவர்கள் 8 வீதம்தான். மிகக் கிட்ட இருந்தவர்களிடம் வெறுப்புக் கூடுதலாக இருந்தது, அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் திட்டம் போட்ட விதம் நியாயமாக இருந்தது என்று நம்பியவர்கள்தான் காற்றாடியோடு சமாதானமாக இருந்தார்கள்.

நமது கரையில் இது இன்னும் ஆழமாகப் போகும். 2004 சுனாமியில் இலங்கையிலேயே கூடுதலான உயிர்களைக் கொடுத்தது அம்பாறை மாவட்டம். அதற்குப் பிறகு கடற்கரையில் வீடு கட்டக்கூடாத எல்லை ஒன்று போட்டார்கள். தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். பிறகு தளர்த்தினார்கள்தான். ஆனாலும் ஒரே அலைக்கு இரண்டு அளவா என்று அன்று கேட்டவர்கள் இன்றும் உங்கள் ஊரில் இருக்கிறார்கள். 2013இல் திறந்த ஒலுவில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கடல் தென்னந்தோப்புகளையும் தோணி இழுக்கும் கரையையும் தின்றதை உங்கள் கணவர் கண்டிருப்பார். சம்மாட்டி எழும்பிச் சொன்ன வார்த்தை கடுமையானதுதான். ஆனால் அது வெறுமனே காற்றாடியைப் பார்த்துச் சொன்னதாக எனக்குப் படவில்லை.

என் வீட்டுக் கதை ஒன்றும் இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊரில் ஒரு நிறுவனம் வீடு கட்டிக் கொடுத்தது. யாருக்கு வீடு என்ற பட்டியலை ஒரு இரவில் பாடசாலைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள். கார்பன் தாள் வைத்து எழுதிய பிரதி, நீல எழுத்து, மழைத்தூறலில் ஓரம் ஊறிக் கிடந்தது. என் அம்மாவின் பெயர் 17ஆவது. அவருடைய அக்காவின் பெயர் இல்லை. பிற்காலத்தில் நான் ஊர்ப் பிணக்குகளை மத்தியஸ்தம் செய்யும் இந்த வேலைக்கு வந்து, அந்தப் பட்டியலை ஒருவர் ஒருவராக எண்ணிப் பார்த்தேன். பெரும்பாலும் சரியான பட்டியல்தான், பெரியம்மாவுக்கு வேறொரு திட்டத்தில் வீடு ஒதுக்கியிருந்தார்கள். ஆனால் அந்தக் கணக்கு எப்படி வந்தது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சகோதரிகள் இருவரும் சாகும்வரை ஒருவர் வீட்டுப் படியை மற்றவர் மிதிக்கவில்லை. வீட்டைக் கொடுத்தவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். முடிவு சரியாக இருந்தாலும், அதை எடுத்த விதம் ஊர்க் கண்ணுக்குத் தெரியாவிட்டால் இப்படித்தான் முடியும். இத்தனை வருசமாக நான் மத்தியஸ்தம் செய்த வழக்குகளில் பாதிக்கு மேல் இதே வேர்தான்.

இப்போது கோயில் கூரை. இதில் கொஞ்சம் நின்று கதைக்க வேண்டும், ஏனென்றால் கெட்ட எண்ணம் இல்லாமலேயே ஊரைப் பிரிக்கக்கூடிய விடயம் இது. 1993இல் சுவிற்சர்லாந்தில் வொல்ஃபன்ஷீசன் என்ற சிறிய ஊரில் அணுக் கழிவைப் புதைக்க இடம் பார்த்தார்கள். புறூனோ ஃப்ரை, ஃபீலிக்ஸ் ஓபர்ஹோல்ட்சர்-கீ என்ற இரண்டு பொருளியலாளர்கள் ஊராரிடம் கேட்டார்கள். நாட்டுக்கு எங்கேயோ ஒரு இடம் வேண்டும்தானே என்று 50.8 வீதம் பேர் சம்மதித்தார்கள். பிறகு அதே கேள்வியை, ஒவ்வொருவருக்கும் வருசா வருசம் காசு தருவோம் என்று சேர்த்துக் கேட்டார்கள். சம்மதம் 24.6 வீதமாக விழுந்தது. காசு வந்ததும் அது நாட்டுக் கடமையாக இருக்கவில்லை, விலையாகிவிட்டது. விலை என்றதும், நம்மை வாங்கப் பார்க்கிறார்கள் என்ற கோபம் வரும். உங்கள் கூட்டத்தில் சம்மதக் கடிதமும் கூரையும் ஒரே மூச்சில் வந்தன. "வித்தவன்" என்ற சொல் வேறு எங்கிருந்து வரும்?

அதோடு அந்தக் கூரையின் கீழ் யார் நிற்பார்கள் என்று பாருங்கள். கோயிலை நடத்தும் வண்ணக்கர்மாரும் தாய்வழிக் குடிகளும் கோயிலில் தங்கள் உரிமையை எவ்வளவு கவனமாகக் காப்பவர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். வெளியிலிருந்து வரும் கூரை அவர்களுக்குள்ளேயே புதிய பிணக்கைக் கொண்டுவரலாம். லொறித் தூசு தின்னப்போகும் பக்கத்து ஊருக்கு அதில் ஒரு ஓடும் கிடையாது.

ஆனால் ஊருக்குப் பங்கு கேட்பதே பிழை என்று நினைத்துவிடாதீர்கள். முன்கூட்டியே எழுதி வைத்த, எல்லோருக்கும் ஒரே அளவான, கையெழுத்தோடு முடிச்சுப் போடாத பங்கு வேறு விடயம். ஜேர்மனியில் காற்றாடியைச் சுற்றி 2.5 கிலோமீற்றருக்குள் இருக்கும் உள்ளூராட்சிகளுக்கு, உற்பத்தியாகும் ஒவ்வொரு அலகு மின்சாரத்துக்கும் 0.2 யூரோ சதம் வரை கொடுக்கச் சட்டம் இடம் வைத்திருக்கிறது. ஸ்கொட்லாந்தில் ஒரு மெகாவாட்டுக்கு வருசம் 5,000 பவுண் ஊர் நிதிக்குக் கொடுப்பது அரசு சொன்ன வழிகாட்டல். டென்மார்க் 2009இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. புதிய காற்றாலையின் பங்குகளில் 20 வீதத்தை முதலில் 4.5 கிலோமீற்றருக்குள் இருப்பவர்களுக்கு விற்க வேண்டும் என்றது. கேட்க நல்லாயிருக்கிறது. ஆனால் பங்கு வாங்கக் கையில் காசு வேண்டும், காசுள்ளவன் பணக்காரனானான் என்ற குறை அங்கேயே எழுந்தது. உங்கள் ஊரில் வலை தைத்துப் பிழைக்கும் விதவைத் தாய் ஒருவர் எந்தப் பங்கை வாங்குவார்? எனவே நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஊர் நிதியைத்தான் கேட்பேன். இரண்டு ஊருக்கும் பொதுவான நிதி, கணக்கு வருசத்துக்கு ஒருமுறை சந்தியில் ஒட்டப்பட வேண்டும்.

இதை விளங்கப்படுத்த வெளிநாடு கூடத் தேவையில்லை. சம்மாட்டியிடமே கேளுங்கள். கரைவலை இழுத்து மீன் விற்று முடிந்ததும் செலவைக் கழித்து, வலைக்கு இவ்வளவு, இழுத்தவர்களுக்கு இவ்வளவு என்று மணலிலேயே பங்கு போடுகிறார்கள். பாடு குறைந்த நாளில் இழுத்தவர்களுக்கு ஒரு கறிக்கு மட்டும்தான் மீன் கிடைக்கும். அன்றைக்கும் அடுத்த நாள் கயிற்றைப் பிடிக்க வருகிறார்கள். பங்கு எப்படி வந்தது என்று எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள், அதனால்தான். நீங்களும் கணவரும் ஒரு பின்னேரம் வாடிக்குப் போய், "ஐயா, நீங்க சொன்னதில என்ன பயம் இருக்கு என்று கேட்க வந்தோம்" என்று ஆரம்பியுங்கள். வாதாடப் போகாதீர்கள். வலை இழுக்கும் கரையை மறிப்பார்களா, கச்சான் காலத்தில் நமது கடல் அமைதியாகி உழைக்கிற மாதங்களிலேயே கட்டுமானம் நடக்குமா, கேபிள் எந்த வழியால் போகும் என்று அவர் கேட்பார். எல்லாம் கொம்பனியிடம் எழுத்தில் பதில் வாங்க வேண்டிய கேள்விகள். அவரைக் கேள்வி கேட்கிறவராக முன்னுக்குக் கொண்டுவந்தால் ஊர் அவர் பின்னால் பேசத் தொடங்கும்.

இனி உங்கள் மௌனம். பிழை என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே தோணியில் ஏறுகிறவர்கள், ஒருவர் செத்தவீட்டுக்கு மற்றவர் பந்தல் போடுகிறவர்கள், ஊர் என்ன நினைக்கும் என்று பார்த்துத்தான் வாய் திறப்பார்கள். அது கோழைத்தனம் இல்லை, சேர்ந்து வாழ்வதற்குக் கொடுக்கும் விலை. சிக்கல் வேறு இடத்தில். ஊர் என்ன நினைக்கிறது என்று நாம் கணக்குப் போடுவது, சத்தமாகப் பேசியவரை வைத்து. மற்றவர்கள் பேசாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறோம். அவர்களும் நம்மைப் பார்த்து அப்படியே எடுக்கிறார்கள். ஒரு மண்டபம் நிறைய ஆக்கள், ஒவ்வொருவரும் தான் ஒருத்திதான் வேறாக நினைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு எழும்பிப் போகிறார்கள். அமெரிக்காவில் 2022இல் வெளியான ஒரு ஆய்வில், காலநிலைக் கொள்கைகளை ஆதரிக்கிறவர்கள் 66 முதல் 80 வீதம். புதுப்பிக்கத்தக்க மின்சாரத் திட்டங்களுக்கு அரச காணி கொடுப்பதும் அந்தக் கொள்கைகளில் ஒன்று. நாட்டில் எத்தனை பேர் ஆதரிப்பார்கள் என்று அதே மக்களிடம் கேட்டபோது 37 முதல் 43 வீதம் என்றார்கள். ஏறக்குறையப் பாதி ஆதரவு அவர்கள் கண்ணுக்கே தெரியவில்லை.

ஆனால் கவனம் சகோதரி. காதுக்குள் சொன்ன நாலு பேர் ஊர் ஆகமாட்டார்கள். அண்ணனுக்குப் பயந்து, கோயில் நிர்வாகத்துக்குப் பயந்து எதிர்ப்பை மறைக்கிறவர்களும் இருப்பார்கள், அவர்கள் உங்கள் காதுக்கு வரமாட்டார்கள். எண்ணிப் பார்க்காமல் யாருக்கும் தெரியாது.

எண்ணுவதற்கு நான் கிராமங்களில் செய்யும் முறை ஒன்று இருக்கிறது. இரண்டு முட்டிகளை எடுத்து வாயைத் துணியால் கட்டி, கை போகும் அளவுக்கு வெட்டி விடுங்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு புளியங்கொட்டை, ஒரு சோளம், ஒரு கச்சான் கொட்டை (நிலக்கடலை) என்று, முட்டிக்கு ஒன்றாக இரண்டு தொகுதி கொடுங்கள். புளியங்கொட்டை என்றால் வரட்டும், சோளம் என்றால் வேண்டாம், கச்சான் என்றால் இன்னும் விவரம் தெரியவேண்டும். முதல் முட்டியில் தன் மனதில் இருப்பதைப் போடச் சொல்லுங்கள். இரண்டாவதில், ஊரில் கூடுதலான ஆக்கள் எதை நினைக்கிறார்கள் என்று தான் கருதுவதைப் போடச் சொல்லுங்கள். மிச்சத்தைத் திரைக்குப் பின்னால் ஒரு வாளியில் போட்டுவிட்டு வரட்டும், யார் கையில் என்ன மிஞ்சியது என்று தெரியக்கூடாது. பிறகு எல்லோர் முன்னாலும் இரண்டு முட்டியையும் பாயில் கொட்டுங்கள். ஒருமுறை, வேறு ஒரு பிணக்குக்காக இதைச் செய்தபோது, இரண்டாவது முட்டியில் சோளம் குவிந்து கிடந்தது, முதலாவதில் கச்சான்தான் கூட. கொஞ்ச நேரம் சனம் பாயையே பார்த்துக்கொண்டு நின்றது. பின் வரிசையில் இருந்த ஒரு வயதான அம்மா, "அப்ப நாங்க எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் பயந்துதான் இருந்திருக்கம்" என்றார். அதற்குப் பிறகுதான் கூட்டம் உண்மையில் தொடங்கியது. இது வாக்கெடுப்பு இல்லை, முடிவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாயைத் திறக்க வைப்பதுதான் வேலை.

அந்த முட்டிகளை நீங்கள் தொடக்கூடாது. அண்ணன் காணி இருப்பதால் உங்கள் கை படும் எந்தக் கணக்கும் சந்தேகத்துக்கு உள்ளாகும். காணி இல்லாத இரண்டு பேர், இரண்டு ஊரிலும் ஒவ்வொருவர், எண்ணட்டும். நீங்கள் பேசும்போது முதல் வசனமாகவே, "என்ட அண்ணன்ட காணி இதுக்குள்ள இருக்கு, அதைச் சொல்லிப்போட்டுத்தான் கதைக்கிறன்" என்று சொல்லுங்கள். மறைத்தால் ஆயுதம், சொன்னால் வெறும் தகவல். அண்ணனிடமும் ஒன்று கதைக்க வேண்டும். குத்தகைக் காசு அவருக்கு, சத்தமும் நிழலும் வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்கு. பல நாடுகளில் ஊர் இரண்டாகப் பிளந்தது இந்த வேலியில்தான். குத்தகை பேசும்போதே குறிப்பிட்ட தூரத்துக்குள் இருக்கும் வீடுகளுக்கும் ஒரு தொகை எழுதச் சொல்லி அவரே கேட்டால், நாளைக்கு அவர் முற்றத்தில் நாலு பேர் வந்து இருப்பார்கள்.

தகவல் கேட்பதற்குச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகத் தகவல் அலுவலருக்குத் தமிழில் ஒரு கடிதம் கொடுங்கள். அந்தக் காணி யாருடையது, என்ன அனுமதி கேட்டிருக்கிறார்கள், எந்தப் பாதை என்று கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். சுற்றாடல் தாக்க மதிப்பீடு தேவைப்படும் திட்டமென்றால் அந்த அறிக்கையை மக்கள் பார்வைக்கு வைத்து 30 நாள் கருத்துக் கேட்க வேண்டும். அந்த 30 நாளை ஊர் தவறவிடக் கூடாது, கிராம சேவகரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

மன்னாரைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். அங்கே மின்சார சபை கட்டிய தம்பபவனி காற்றாலை 30 காற்றாடிகளோடு, 103.5 மெகாவாட் அளவில் நிற்கிறது. அதற்கு மேலும் காற்றாடிகள் என்றபோது, 2025 ஓகஸ்டில் சனம் வீதிக்கு இறங்கி, ஜனாதிபதி வேலையை ஒரு மாதம் நிறுத்தி வைக்க வேண்டி வந்தது. வெள்ளம் வடியும் வழி, வலசை வரும் பறவைகள், சிறிய தீவில் மிஞ்சியிருக்கும் காணி என்று அவர்கள் கேட்டவை நியாயமான கேள்விகள். அவற்றைக் கேட்க வேண்டிய நேரம் முதல் நாள். உங்களுக்கு அந்த முதல் நாள் இன்னும் கையில் இருக்கிறது. சங்கங்கள் சேர்ந்து ஒரு பஸ் பிடித்து மன்னாருக்குப் போய் வாருங்கள். கொம்பனி வாகனத்தில் போகாதீர்கள். சம்மாட்டியும் அண்ணனும் ஒரே பஸ்ஸில் வரட்டும். கச்சான் மாதத்தில், காற்றாடி முழு வேகத்தில் சுற்றும்போது அதன் கீழ் நின்று கேளுங்கள். அங்குள்ள மீனவர்களிடமும் காணி கொடுத்தவர்களிடமும் கொடுக்காதவர்களிடமும் தனித்தனியே கதையுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு முன்மாதிரி உங்கள் வயல்காரரிடமே இருக்கிறது. பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் நீர்ப்பாசனம், கமநலம், வயல்வெளிகளுக்குப் பொறுப்பான வட்டை விதானைமார், விவசாயிகள் எல்லோரும் ஒரே மண்டபத்தில் இருந்து, தண்ணீர் திறக்கும் நாளையும் மாடு கட்டும் நாளையும் எல்லோர் காதும் கேட்கத் தீர்மானித்து எழுதுகிறார்கள். அதில் சண்டையும் வரும். ஆனால் தண்ணீர் காணாத வட்டைக்காரனும் தான் இருந்த கூட்டத்தில் எடுத்த முடிவு என்று ஏற்கிறான். அதே மாதிரி கூட்டக் குறிப்பை அங்கேயே வாசித்து, அங்கேயே கையெழுத்து வாங்குங்கள்.

பக்கத்து ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் அங்குள்ள மாதர் சங்கத்துக்கும் அழைப்புக் கடிதத்தை ஆள் மூலம் அனுப்பாமல் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். முன்பள்ளியில் உங்களோடு பயிற்சி எடுத்த ஆசிரியை யாராவது அங்கே இருப்பார், அவரைக் கூட்டிக்கொண்டு போனால் கதவு இலகுவாகத் திறக்கும். கூட்டத்தைக் கோயில் மண்டபத்தில் வைக்காதீர்கள், வெள்ளிக்கிழமையும் வேண்டாம். இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் போகும் பாடசாலை இருந்தால் அதன் மண்டபத்தைக் கேளுங்கள். பின்னேரம் நாலு மணி என்றால் கடலுக்குப் போனவர்கள் கரை சேர்ந்திருப்பார்கள், பெண்களும் சமையல் முடித்து வரலாம்.